டிரப்பீசியம்: பாடநூல் சொல்வது சரிதான்

கன்னங்குறிச்சியில் உள்ள உங்கள் மனையின் பரப்பளவு சரியா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு, "டிரப்பீசியம் என்றால் எந்தப் பக்கமும் இணையாக இல்லாத நாற்கரம், நம் பாடநூலே தப்பு, அதனால் கன்னங்குறிச்சி மனையின் பரப்பளவும் தப்பு" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொருள் அமெரிக்க வழக்கு மட்டுமே. ஒரு ஜோடிப் பக்கங்கள் மட்டும் இணையாக உள்ள சரிவகத்தை அங்கே டிரப்பீசாய்டு என்பார்கள்; இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதுதான் டிரப்பீசியம். 'சிறு மேசை' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் நம்மைப் போலத்தான் பயன்படுத்தினார். 1795இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் தம் கணித அகராதியில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டார். பிரிட்டன் பிறகு திருத்திக்கொண்டது. அமெரிக்கா விடாமல் பிடித்துக்கொண்டது.

மனைக்கு வருவோம். நீங்கள் கொடுத்த அளவுப்படி முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 40, இரண்டும் இணை, இடைத்தூரம் 60. கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினால் 2,100 சதுர அடி. பத்திரத்தில் இருப்பதும் அதுவே. ஆனால் அந்த 60 செங்குத்துத் தூரமா, சாய்ந்து ஓடும் வேலியின் நீளமா என்று டேப் பிடித்துப் பாருங்கள். வேலியை அளந்திருந்தால் கணக்கில் பரப்பளவு உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். சண்டை போட வேண்டிய இடம் அது.