அரை எங்கிருந்து வந்தது?

வேதியியல் படிக்கிறவர்களுக்குக் கணக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் கீத் ஓல்ட்ஹாமைத்தான் காட்டுவேன். நம்மூரில் அவ்வளவாகப் புழங்காத பெயர். கலிஃபோர்னியாவில் ராக்வெல் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்த்து, பிறகு கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மின்வேதியியலாளர். பின்ன நுண்கணிதத்துக்கென்றே வந்த முதல் தனி நூலை 1974இல் எழுதியவர் இவர்தான். கூட எழுதியவர் ஜெரோம் ஸ்பேனியர் என்கிற கணிதவியலாளர்.

பின்ன நுண்கணிதம் என்றால்? ஒரு சார்பை ஒருமுறை வகையிடலாம் (டிஃபரன்ஷியேட் செய்யலாம்), இருமுறை வகையிடலாம். அரைமுறை வகையிட முடியுமா? அதாவது அதே செயலை இரண்டு தடவை செய்தால் ஒருமுறை வகையிட்ட விடை வர வேண்டும். 1695இல், நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோபித்தாலுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தொட்டு, இப்போது முரணாகத் தெரிந்தாலும் ஒருநாள் பயன் தரும் என்றார். பிறகு ஏபெல், லியூவில், ரீமான், ஹெவிசைட் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கை வைத்தார்கள். அப்படியும் தனி நூல் வரவில்லை. கடைசியில் அதைக் கொண்டுவந்ததில் ஒரு வேதியியலாளர் பாதிப் பங்கு.

இது தற்செயல் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஒரு மின்முனையைக் கரைசலில் வைத்து மின்னழுத்தம் கொடுக்கிறோம். முனையைத் தொட்டிருக்கும் மூலக்கூறுகள் வினைபுரிந்து தீர்ந்துபோகின்றன. அடுத்தவை தூரத்திலிருந்து விரவி (டிஃப்யூஷன்) வர வேண்டும். விரவலில் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். நான்கு மடங்கு நேரம் காத்திருந்தால் இரண்டு மடங்கு தூரம்தான். அந்த 'அரை' அடுக்கு இங்கேயே, பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டதில்லை.

1903இல் காட்ரெல் எழுதிய சமன்பாட்டைப் பாருங்கள். (அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் சாம்பலைப் பிடிக்கிற நிலைமின் வீழ்படிவாக்கி இருக்கிறதே, அந்தக் காட்ரெல்தான்.) முனையில் செறிவைச் சட்டென்று பூஜ்யமாக்கினால் மின்னோட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஒரு மாறிலியை அரைமுறை வகையிட்டால் என்ன வரும்? பூஜ்யம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வருவதோ அந்த மாறிலியை √(πt)ஆல் வகுத்த விடை; t என்பது நேரம். காட்ரெலின் சமன்பாடே அதுதான்! எழுபது ஆண்டுகளாக மின்வேதியியலாளர்கள் ஓர் அரை வகைக்கெழுவைப் பயன்படுத்திக்கொண்டே அதன் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

விரவலை விவரிக்கும் ஃபிக் விதிகளின் இடத்தில் அரை வகையிடலை வைக்கலாம் என்று ஓல்ட்ஹாமும் ஸ்பேனியரும் 1970இல் எழுதினார்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, எல்லை நிபந்தனை, லாப்லாஸ் உருமாற்றம் என்று ஒவ்வொரு சோதனைக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மின்னோட்டத்தை அரைமுறை தொகையிட்டால் (அரை வகையிடலின் எதிர்ச்செயல் இது) முனையருகே செறிவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது நேராக வந்துவிடும். மின்னழுத்தத்தை எப்படி மாற்றினீர்கள் என்ற கேள்வியே எழாது.

இதன் மதிப்பு சைக்ளிக் வோல்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை, செய்தவர்களுக்கு உடனே புரியும். லேபில் எல்லோரும் சி.வி. என்போம். வளைகோட்டில் ஒரு முகடு வரும், அதன் உயரத்தை ராண்டில்ஸ், ஷெவ்சிக் இருவரும் 1948இல் தனித்தனியே கண்ட சூத்திரத்தில் போடுவோம். அதில் 0.4463 என்று ஓர் எண் இருக்கிறது. எண்முறையில் கணக்கிட்டு எடுத்தது. அதுவும் எலக்ட்ரான் மாற்றம் வேகமாக நடக்கும் மீள் வினைகளுக்குத்தான் பொருந்தும். வினை மந்தமானால் எண் மாறிவிடும். ஆனால் அதே தரவை அரைத் தொகையிட்டால் முகடு மறைந்து ஒரு படிக்கட்டு வருகிறது. அதன் மேல்தளத்தின் உயரம் nFAC√D, அவ்வளவுதான் (n எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, F ஃபாரடே மாறிலி, A முனையின் பரப்பு, C கரைசலில் வினைபடுபொருளின் செறிவு, D விரவல் குணகம்). வினை வேகமா மந்தமா, மின்னழுத்தத்தை எவ்வளவு விரைவாக மாற்றினோம், எதுவும் அதைத் தொடுவதில்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளை அளந்துவிட்டு ஒரே ஒரு புள்ளியின் உயரத்தை மட்டும் கட்டுரையில் போடுகிற நம் வழக்கம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. மிச்சத் தரவு என்ன பாவம் செய்தது?

ஏறத்தாழ அதே காலத்தில் ஃபிரான்சில் சவேயானின் குழுவும் கன்வல்யூஷன் என்ற பெயரில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வரம்பும் உண்டு. தட்டையான முனை, தொலைவு வரை பரந்த கரைசல் என்றால்தான் அரை அப்படியே பொருந்தும். மிகச் சிறிய முனைகளில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், மின்னோட்டம் நிலைத்துவிடும், அரை மட்டும் போதாது. ஓல்ட்ஹாம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நுண்முனைகளுக்கும் தனியாகக் கணக்குப் போட்டார்.

எனக்கு எரிச்சல் வருவது இன்றைய நிலையைப் பார்த்துத்தான். பின்ன நுண்கணிதம் இப்போது ஒரு பெரிய கட்டுரைத் தொழிற்சாலை. தொற்றுநோய்க்கான கணித மாடலோ மக்கள்தொகைக்கான மாடலோ, கையில் கிடைத்ததை எடு, முழு வகைக்கெழுவைக் கழற்று, ஆல்ஃபா வரிசை வகைக்கெழுவை (ஒருமுறைக்குப் பதில் ஆல்ஃபா முறை வகையிடுவது) மாட்டு, ஆல்ஃபாவுக்கு 0.7, 0.8, 0.9 போட்டு மூன்று வண்ணத்தில் வரைபடம் கொடு. ஏன் 0.8? பதில் இருக்காது. எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். நுண்துளை மின்முனைகளின் மின்மறுப்பிலும் பாலிமர்களின் நெகிழ்ச்சியிலும் பின்ன அடுக்குகள் அளவீட்டிலேயே தெரிகின்றன. அங்கே அது நியாயம். ஓல்ட்ஹாமின் அரைக்கும் விரவல் என்கிற காரணம் இருந்தது. காரணமில்லாத ஆல்ஃபா வெறும் அலங்காரம். அதைப் 'பயன்பாட்டுக் கணிதம்' என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, யார் பயன்படுத்தினார்கள்?

வேதியியல் துறைகளும் சளைத்தவை அல்ல. துணைப்பாடமாக வரும் கணிதத்தை, எப்படியாவது தாண்டிவிட்டால் போதும் என்று மாணவர்களிடம் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அப்புறம் முனைவர் பட்ட ஆய்வில் சாப்ட்வேர் கொடுத்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, பழைய சி.வி. தரவு கையில் இருப்பவர்கள் எக்செலில் இன்றே செய்து பார்க்கலாம். சம நேர இடைவெளியில் எடுத்த மின்னோட்டங்கள் வேண்டும். கடைசிப் புள்ளியை 1ஆல் பெருக்குங்கள், அதற்கு முந்தையதை 1/2ஆல், அதற்கு முந்தையதை 3/8ஆல், அடுத்து 5/16. j-ஆவது எடை வேண்டுமென்றால் முந்தைய எடையை (j−½)/j ஆல் பெருக்கினால் போதும். எல்லாவற்றையும் கூட்டி, நேர இடைவெளியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படியே. முதலில் வெற்றுக் கரைசலின் (வினைபடுபொருள் சேர்க்காதது) மின்னோட்டத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்தளம் சாய்ந்துகொண்டே போகும். படிக்கட்டு வந்ததா என்று கமெண்டில் படத்தோடு போடுங்கள். வராதவர்கள் முனையின் வடிவத்தையும் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.