முன்பார்வையில் முழுசு, கோப்பில் அரைகுறை

நேற்றுப் பின்னேரம் முழுக்க அம்மம்மாவின் காணி உறுதியை ஸ்கேன் பண்ணுவதிலேயே போய்விட்டது. முன்பார்வையை அழுத்தினால் விளக்கு ஊர்ந்து ஊர்ந்து போகிறது. வரும் படமோ தீப்பெட்டி அளவு. பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. விரைவுக்காக முன்பார்வையைக் குறைந்த டிபிஐயில்தான் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) எடுக்கும், அது விளங்குகிறது. ஆனால் நொத்தாரிசின் கையொப்பம் தெளிவாக விழுமா என்று பார்க்கத்தானே நான் முன்பார்வையை அழுத்துகிறேன்?

சரி என்று 600 டிபிஐயில் முழு ஸ்கேன் போட்டேன். 300ஐ விட நான்கு மடங்கு புள்ளிகள். ஏ4 அளவு வண்ணப்படம் சுருக்காமல் இருந்தால் 100 மெகாபைட்டைத் தாண்டும். அவ்வளவு நேரம் காத்திருந்தும், முடிந்ததும் படத்தைக் காட்டாமல் மென்பொருள் எங்கோ ஒரு கோப்புறையில் போட்டுவிட்டது. தேடித் திறந்தால், தானாக ஓரம் வெட்டுகிறேன் என்று முத்திரையில் பாதியைக் காணவில்லை. முன்பார்வையில் அது முழுசாக இருந்தது! திரும்பவும் மூடியைத் திறந்து, மடிப்பில் கிழியப்போகும் அந்தத் தாளை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை நடுங்குகிறது.

1981இல் நூலகம் எரிந்த யாழ்ப்பாணம் இது. இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டு உறுதிகள், படங்கள் போயின. தப்பி வந்த ஒரு தாளைப் பிரதி எடுப்பது எங்களுக்குச் சின்ன வேலை இல்லை.

ஸ்கேனர் மென்பொருள் செய்கிறவர்களே, எடுத்ததை எடுத்தபடி, முழு அளவில், சேமிக்கும் முன்பே காட்டுங்கள். ஓரத்தை நானே வெட்டிக்கொள்கிறேன்.