ரக்னராக்: படுகளம் சுருங்கிய பாரதம்

கதையின் கடைசிக் காட்சி வரை இந்தப் பதிவில் பேசியிருக்கிறேன். இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

சித்திரை வெயிலில் வேலூர் வீடுகளின் சுவர்கள் இரவு பத்து மணிக்கும் சூடு தணியாமல் இருக்கும். அப்படிப்பட்ட இரவுகளில்தான் ‘காட் ஆஃப் வார்’ என்ற வீடியோ கேம் வரிசையின் இரண்டு வடபுலக் (நார்ஸ் புராண) கதைகளையும் மறுபடி ஆடினேன். முதலாவது 2018 ஏப்ரலில் வந்தது. அடுத்தது 2022 நவம்பரில் வந்த ‘ரக்னராக்’. முதல் தடவை ஆடியபோது நான் தனியாக இருந்தேன். இந்தத் தடவை கலவைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அம்மா, மடியில் முறத்தை வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்திரங்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடினேன். திரையெங்கும் பனி. இரண்டு பாகங்களிலும் எது நிறை, எது குறை என்று எனக்குத் தெளிவானது அந்த இரவுகளில்தான்.

அம்மா பாரதம் கேட்டு வளர்ந்தவர். அவர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கர்ணன் சாகப் போகிறான் என்று தெரிந்துதான் கர்ண மோட்சத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறோம். முடிவு தெரிந்த கதையை விடியும்வரை விழித்துப் பார்க்கிற ஊர்களில் பிறந்தவர்கள் நாம். ரக்னராக்கும் அப்படித்தான். தேவர்கள் அழிவார்கள் என்று முன்பே எழுதிவைத்த கதை அது. ஆகவே என்ன நடக்கும் என்பதைவிட எப்படி நடக்கிறது என்பதில்தான் அதன் பலம் இருக்க வேண்டும்.

முதல் பாகம் அதில் முழுதாக வென்றது. அதற்கு நான் காட்டும் சாட்சி பால்டர்.

கிரேக்கக் கடவுள்களைக் கொன்றுவிட்டு வடக்கே வந்து ஒளிந்து வாழும் க்ராட்டோஸின் வீட்டுக் கதவை ஒரு மெலிந்த மனிதன் தட்டுகிறான். எத்தனை அடித்தாலும் அவனுக்கு வலிக்காது. வடபுலத் தேவர்களின் தலைவன் ஓடினின் மகன் பால்டர் அவன். மகன் சாவான் என்ற குறிமொழிக்குப் பயந்து, எதுவும் அவனைத் தீண்டாதபடி தாய் ஃப்ரேயா மந்திரம் போட்டுவிட்டாள். சாவு அண்டவில்லை. கூடவே சோற்றின் ருசி, வெயிலின் சூடு, தொடுகை என எல்லாமே போய்விட்டன. அந்தத் தாயைக் கொல்லத் துடிக்கிறான் மகன். மூலக்கதையில் பால்டர் இப்படியில்லை. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ‘எட்டா’ என்ற நூலில் எல்லோருக்கும் பிரியமானவன் அவன். உலகத்துப் பொருள்கள் எல்லாவற்றிடமும் என் மகனைத் தொடாதே என்று சத்தியம் வாங்கிய தாய் ஃப்ரிக், புல்லுருவிச் செடியை மட்டும் சின்னது என்று விட்டுவிடுகிறாள். அந்தச் செடியே அவனைக் கொல்கிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் ஃப்ரிக்கையும் ஃப்ரேயாவையும் ஒருத்தியாக்கி, காக்கப்பட்ட மகனுக்கு அந்தக் காவல் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மூலத்தை மாற்றியதற்காகக் கோபப்படுபவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்கள் பக்கம் இல்லை. புராணத்தை உயிரோடு வைத்திருப்பது இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு, இது காந்தாரி கதை ஆயிற்றே என்றார். கண்கட்டை அவிழ்த்து மகனைப் பார்த்தாள், பார்வை பட்ட இடமெல்லாம் இரும்பானது, அவன் வெட்கப்பட்டு மறைத்த தொடை மட்டும் மிஞ்சியது. பீமன் அங்கேதான் அடித்தான். எங்கள் பக்கம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. பனிநாட்டில் ஒரு புல்லுருவி, நம் ஊரில் ஒரு தொடை. கடைசியில் மந்திரம் முறிந்து, எல்லாவற்றையும் மறுபடி உணரத் தொடங்கிய பால்டர், அப்போதும் தாயின் கழுத்தை நெரிக்கிறான். அவளும் தடுக்கவில்லை. க்ராட்டோஸ் அவனைக் கொல்கிறான். சாகும்போது மேலே பார்த்து, பனி என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்கிறான். முகத்தில் விழும் குளிர்ச்சியை அவன் உணர்ந்து எத்தனை காலமாயிற்று! மகனைக் கொன்றவனை ஃப்ரேயா சபித்தபோது, அம்மா முழுக்க முழுக்க அவள் பக்கம் நின்றார். மகன் கொல்ல வந்தால் என்ன, பெற்றவள் வேறு என்ன செய்வாள் என்று கேட்டார். பல பேருக்கு ஃப்ரேயாவின் கோபம் நியாயமற்றதாகத் தோன்றியது. அவர்கள் ஒரு முறை படுகளத்துக்கு வந்து துரியோதனனுக்காகப் பாடும் புலம்பலைக் கேட்க வேண்டும்.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், க்ராட்டோஸின் லெவையதன் கோடரிக்கு இணையாக இன்னோர் ஆயுதத்தை நான் எந்த விளையாட்டிலும் பிடித்ததில்லை. வீசினால் போய்ப் பதிகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் காற்றைக் கிழித்துத் திரும்பி வருகிறது. உள்ளங்கையில் வந்து விழும் அந்த நொடியில் கன்ட்ரோலர் ஒரு முறை அதிர்கிறது. அந்த அதிர்வுக்காகவே எதிரி இல்லாத இடத்திலும் வீசிக்கொண்டிருந்தேன். ரக்னராக்கின் தொடக்கத்தில் ஓடினின் மகனான இடித்தேவன் தோரோடு வரும் சண்டையில் இந்தக் கோடரியும் அவன் சுத்தியலும் மோதும் காட்சி, முதல் பாகம் காட்டிய எல்லாவற்றையும்விடப் பெரியது. முதல் பாகத்தில் நிறம் மாற்றி நிறம் மாற்றி ஒரே பூத உருவத்தையே பெரிய எதிரியாக நிறுத்திய சலிப்பை அடுத்த பாகம் பெருமளவு போக்கியிருக்கிறது. கவசங்கள், கைப்பிடிகள், தாயத்துக் கற்கள் என்று அடுக்கிய எண்ணிக்கைக் குழப்பத்தை மட்டும் போக்கவில்லை. ஒரு தந்தை மகனோடு நடக்கும் கதையில் கடைக்கணக்கு பார்க்கிற வேலை எதற்கு?

இரண்டு பாகங்களிலும் எனக்கு மிகப் பிடித்த நேரம் படகில் போகும் நேரம்தான். க்ராட்டோஸ் துடுப்பு போட, அவன் இடுப்பில் தொங்கும், உடலில்லாமல் பேசும் மிமிரின் தலை கதை சொல்லும். அம்மா அவனுக்கு முதல் நாளே கட்டியக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். சரியான பெயர். கூத்தில் கட்டியக்காரன்தான் ராஜாவை அறிமுகப்படுத்துவான், கேலி செய்வான், கதையை நமக்கு விளக்குவான். மிமிரும் அதைத்தான் செய்கிறான். ரக்னராக்கில் அவனே குற்றவாளியாக நிற்கும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. விளக்கு எரிக்கும் எண்ணெய்க்காக லிங்பக்கர் என்ற பெருங்கடல் விலங்கைச் சங்கிலியில் பிணைத்தவன் அவன்தான். ஓடினின் மனதைக் குளிர்விக்கச் செய்தான். தேடித் தேடிச் சங்கிலிகளை உடைக்கிறோம். விலங்கோ துள்ளி நீந்திப் போய்விடவில்லை. விடுதலைக்கும் அதற்குமான தூரம் அத்தனை நாளில் அவ்வளவு கூடிவிட்டது. பாலாற்றங்கரையில், தோல் கழிவு இறங்கிய கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த இடம் நெஞ்சில் தைத்தது. கட்டாயமில்லாத கிளைக்கதையாக இதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தவறவிடாதீர்கள்.

கட்டியக்காரனுக்கு எங்கே வாய் மூட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரக்னராக்கில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது இதுதான். ஒரு புதிர் அறைக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, நீர்ச்சக்கரம் எங்கே, சங்கிலி எங்கே என்று யோசிக்கத் தொடங்குவதற்குள் கூட வருபவர் விடையைச் சொல்லிவிடுகிறார். க்ராட்டோஸின் மகன் அட்ரியஸ் சொல்வான், இல்லாவிட்டால் மிமிர் சொல்வான், இருவரும் இல்லாவிட்டால் ஃப்ரேயா சொல்வாள். ஆடுகிறவர் எங்கேயும் ஒரு நிமிடம் தடுமாறக் கூடாது என்ற பயத்தில் செய்த வேலை இது. கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியைத் தட்டிப் பறிக்கிறது. வானாஹெய்ம் என்ற உலகில் இருக்கும் பெரும்பள்ளத்தாக்கை இதற்கு எதிராக வைத்துப் பாருங்கள்: போவதா வேண்டாமா என்பதே நம் விருப்பம், எந்தப் பக்கம் போவது என்பதும் நம் விருப்பம். அங்கே நான் மூன்று இரவுகளைக் கழித்தேன். இவ்வளவு செய்யத் தெரிந்தவர்கள் மற்ற இடங்களில் ஏன் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்?

அட்ரியஸ் இரும்புக்காட்டில் ஆங்ர்போதா என்ற பெண்ணோடு சுற்றும் பகுதி மெதுவாக, மிக நீளமாகப் போகிறது என்ற புகார் பரவலாக உண்டு. நானும் ஒப்புக்கொள்கிறேன். பழம் பறிப்பதும் யாக் மாட்டில் ஏறிப் போவதுமாக அது நீள்கிறது. ஆனால் அந்த நேரத்தை அங்கே கொடுத்தவர்கள் வேறிடத்தில் கொடுக்கவில்லை என்பதுதான் என் உண்மையான வருத்தம்.

அதாவது, கடைசிப் போரில்.

முதல் பாகத்திலிருந்தே ரக்னராக், ரக்னராக் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். முதல் பாகத்தில் வரும் மாபெரும் பாம்பு, இனி நடக்கப்போகும் ரக்னராக்கில் தோர் அடிக்கும் அடியில் கடந்த காலத்துக்கு எறியப்பட்டது என்று மிமிர் சொன்னபோது, அந்த அடியை ஒரு நாள் நேரில் பார்ப்போம் என்று காத்திருந்தேன். நாள் வந்தது. கொம்பு ஊதினார்கள். பல உலகத்துப் படைகள் ஓடினின் நாடான ஆஸ்கார்டின் மதிலுக்கு முன் வந்து நின்றன. பாம்பும் தோரும் மோதுவதோ தூரத்து வானத்தில், பின்னணியில் நடந்து முடிகிறது. மதிலை உடைக்கிறோம், தோரைச் சந்திக்கிறோம், ஓடினைச் சந்திக்கிறோம். ஒரே இரவுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அகதிகளாக வந்த எளிய மனிதர்களை ஓடின் கேடயமாக முன்னால் நிறுத்துகிறான். அதைக் கண்டு க்ராட்டோஸ் மனம் மாறும் இடம் எவ்வளவு கனமானது! அதைக்கூட நின்று உணர விடாமல் அடுத்த வாசலுக்குத் தள்ளுகிறார்கள்.

அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. இவ்வளவுதானா சண்டை என்று இரண்டு முறை கேட்டார். அவர் பார்த்து வளர்ந்த படுகளத்தில் துரியோதனனை மண்ணால் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாகக் கிடத்தியிருப்பார்கள். பீம வேடம் அந்த உடலைச் சுற்றிச் சுற்றி ஓடும். தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள், ஊரே அங்கே நிற்கும். இத்தனை நாள் சொன்ன கதைக்கு அந்த உருவத்தின் அளவே மரியாதை.

கதையை மூன்று பாகமாக நீட்டாமல் இரண்டில் முடித்ததற்கு, முதல் பாகத்தின் இயக்குநர் கோரி பார்லாக் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். ஒரு பாகத்துக்கு ஐந்தாண்டு ஆகிறது, மூன்று பாகம் என்றால் ஒரே கதைக்குக் கிட்டத்தட்ட பதினைந்து ஆண்டுகள் போய்விடும் என்பது அது. உழைப்பவர்கள் வாழ்நாளை நினைத்தால் அது நியாயமான காரணம். அவர்களிடம் நான் மூன்றாவது பாகம் கேட்கவில்லை. இருக்கும் நேரத்தில் காட்டில் சுற்றுவதைக் குறைத்து, களத்தில் கூட்டியிருக்கலாம் என்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் இதை உங்களிடம் பரிந்துரைக்கிறேன் (பெரியவர்களுக்கு மட்டும், கோடரி தலையைப் பிளக்கும் காட்சிகளில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், என் அக்கா மகனை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை). பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு குள்ளர் நாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அங்கே கொல்லன் ப்ராக்குக்கு இறுதிச் சடங்கு நடக்கும். எடுக்க எடுக்கப் பெரிதாவது எது என்று அவன் உயிரோடு இருந்தபோது ஒரு விடுகதை போட்டிருந்தான். விடை சொல்லாமலே செத்துப்போனான். பள்ளம் என்று மிமிர் அங்கேதான் சொல்கிறான். போருக்குக் கொடுக்காத நேரத்தை இந்தச் சின்னச் சடங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த சிண்ட்ரி யாரையும் மன்னிக்காமல் போய்விடுகிறான். அவன் திரும்பி வருவானா என்று அம்மா கேட்டார். வரவில்லை, கதை அத்தோடு நிற்கிறது என்றேன். மறுநாள் காலை, காபி ஆற்றிக்கொண்டே, அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தரும் போகவில்லையா என்று மறுபடி கேட்டார்.