பெயர் தெரியாத மாத்திரைகள்

கொரோனா காலத்தில் ஜனங்கள் தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்கியதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பலருக்கு அடிவயிறு கலங்கியது. ஜூன் 24 முதல் மதுரைக்கு முழு ஊரடங்கு. தொற்று உறுதியான தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர் காய்ச்சல் என்று வாயைத் திறந்தால், அவர் கூலியோடு அக்கம்பக்கத்தார் பிழைப்பும் போய்விடும். அவர் கமுக்கமாக மெடிக்கலுக்குப் போனது அறியாமையால் அல்ல. கணக்குப் போட்டுத்தான் போனார்.

படித்தவர்கள் செய்ததுதான் மோசம். "தெரிந்த டாக்டர் எழுதியது" என்று வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டுகள் சுற்றின. அசித்ரோமைசின், ஐவர்மெக்டின், துத்தநாகம். யாருக்கு எழுதியது, அவருக்குச் சர்க்கரை உண்டா, ஒன்றும் தெரியாது. (கபசுரக் குடிநீரோடு எனக்குச் சண்டை இல்லை. அதைக் குடித்ததோடு பரிசோதனைக்குப் போகாமல் இருந்தவர்களோடுதான் சண்டை.)

என் பயமெல்லாம் அந்தக் காகிதப் பொட்டலம்தான். "மேல்வலி, காய்ச்சல், ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்றால் போதும். கத்தரியால் அட்டையை நறுக்கி, பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிட, கையில் வருவது ஒரு மஞ்சள், ஒரு பெரிய வெள்ளை, ஒரு பொடி வெள்ளை. அந்தப் பொடி மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால் சாப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு சொன்னது உண்மை. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் பலன், மற்றவர்களுக்கு இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஊர் வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும். தொடக்கத்திலேயே போட்டால் காய்ச்சல் இறங்கும், பசியெடுக்கும், குணமாகிவிட்டதாகவே தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி தளரும், நுரையீரல் கெடுவது தெரியாமலே நாள் கடக்கும். 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடித்ததில் ஸ்டீராய்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்பத்திரிகளிலேயே அளவு மீறிக் கொடுத்ததும் அதில் அடக்கம். கடைக்காரர் தலையில் மட்டும் பழியைக் கட்டுவது நியாயமில்லை.

தகரம் போய்விட்டது, பொட்டலம் போகவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு டெங்கு வருகிறது. அந்தக் காய்ச்சலில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். அதையும் இன்றுவரை பெயர் தெரியாமலேதான் விழுங்குகிறோம்.

நான் இப்போதெல்லாம் அட்டையோடு கொடுக்கச் சொல்கிறேன், பில்லும் கேட்கிறேன். கடைத் தம்பி முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.