நாலு ஹீட்டர் பிளக்கையும் மாற்றியாச்சு, அப்புறம்?

டீசல் வண்டி காலையில் கிளம்ப அடம்பிடித்து, வெள்ளைப் புகை கக்கி, ஒரு நிமிடம் நொண்டிவிட்டு அப்புறம் சரியானால், "ஹீட்டர் பிளக் போயிருக்கும், நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். என் வண்டிக்கே அதைச் செய்து, நான்கு புதுப் பிளக் போட்டேன். மறுநாள் காலை அதே நொண்டல், அதே புகை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். அளந்து பார்க்காமல் ஹீட்டர் பிளக்கில் ஸ்பானரை வைக்கக் கூடாது. அளப்பதும் சும்மா இல்லை, பிளக்குக்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் குடித்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் ரிங் இடுக்கு வழியாகக் காற்று கசியவும் நேரம் கிடைக்கும். பற்றாத டீசல் ஆவியாக வெளியே வருவதுதான் அந்த வெள்ளைப் புகை. இந்தக் குறையை ஈடுகட்ட, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ளே சூடேறி நிற்பதுதான் ஹீட்டர் பிளக், அதாவது குளோ பிளக். ஆகவே எஞ்சின் சூடாக இருக்கும்போதும் கிளம்பத் தகராறு செய்கிற வண்டியில் ஹீட்டர் பிளக்கைப் போட்டு வதைப்பதில் அர்த்தமில்லை. டீசல் லைனில் காற்று நுழைகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா, செல்ஃப் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்கப் போகலாம்.

அடுத்தது டாஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு. அது அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்குக்குப் பிளக் சூடானதா என்றே தெரியாது. கூலன்ட் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சில நொடி எரிந்து அணைகிற கணக்கு அது. நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் விளக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். புது வண்டிகளில் சிலவற்றில் அதே விளக்கு மினுக்கினால் எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்பில் வேறெங்கோ கோளாறு என்று பொருள். பிளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரும் அப்படித்தான். பி0380 என்று வந்தால் குளோ பிளக் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். பி0670 என்றால் கட்டுப்பாட்டு மாட்யூலின் சர்க்யூட். பி0671 முதல் பி0674 வரை வந்தால் முதல் சிலிண்டரிலிருந்து நான்காவது சிலிண்டர் வரை, அந்தந்தப் பிளக்கின் சர்க்யூட். எல்லாவற்றிலும் 'சர்க்யூட்' என்ற சொல் இருக்கிறது. நாமோ அதை விட்டுவிட்டு 'பிளக்' என்பதை மட்டும் படிக்கிறோம். பாட்டரி, தடிமனான ஃபியூஸ், ரிலே (பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச்) அல்லது அந்த வேலையைச் செய்யும் மாட்யூல், வயர், பிளக் தலைகளை இணைக்கும் உலோகப் பட்டை, பிளக், அதன் மரை வழியாக எஞ்சின் ஹெட், அங்கிருந்து எர்த் ஸ்ட்ராப் வழியாகத் திரும்பப் பாட்டரி. இதில் எங்கே அறுந்தாலும் பழி பிளக் தலையில்தான் விழுகிறது.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். பிளக் மாற்றிய பிறகும் நொண்டல் தீராததால் ரிலேயின் வெளிவரும் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். பட்டையைக் கழற்றி வைத்துப் பார்த்தபோது 12.5 வோல்ட். "ரிலே நல்லா இருக்கு" என்று அங்கேயே விட்டிருப்பேன். ஏதோ தோன்றி, பட்டையை மாட்டிவிட்டு மறுபடி அளந்தேன். 7.3 வோல்ட். அதே நேரத்தில் ரிலேக்குள் போகும் முனையில் கிட்டத்தட்ட 12. ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் பழுப்பேறிப் போயிருந்தது. உள்ளே கான்டாக்ட் கருகிக் கிடந்தது.

இதில் இருக்கும் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. ஒரு பிளக்கின் தடை 0.6 ஓம் என்று வையுங்கள். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 0.15 ஓம். கருகிய கான்டாக்ட் வெறும் 0.1 ஓம் சேர்த்தால் போதும், 12 வோல்ட்டில் 4.8 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். பிளக்குக்குக் கிடைப்பது 7.2. வோல்ட் பாதிக்குச் சற்று மேலே இருக்கிறதே என்று ஆறுதல்பட முடியாது; சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிடைக்கிற சூடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்த 0.1 ஓமைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டவே காட்டாது. அதன் வயர்களே 0.2, 0.3 ஓம் இருக்கும். இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்டினியூட்டியில் வைத்தால் 'பீப்' என்று சந்தோஷமாகக் கத்தும். மெல்லிய கரண்டை அனுப்பிப் பார்த்துவிட்டு, ஐம்பது ஆம்பியர் ஓட வேண்டிய பாதையை 'ஓகே' என்று சொல்லும் அந்தப் பீப்பை நான் நம்புவதை விட்டுப் பல காலம் ஆகிறது.

பிளக் செத்ததா என்று தனித்தனியாகப் பார்க்க ஓம் அளவு உதவும், மறுக்கவில்லை. வயரைக் கழற்றிவிட்டுத் தலைக்கும் எஞ்சினுக்கும் இடையே அளந்தால், நல்ல 12 வோல்ட் பிளக் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்கும். எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்த கருவி, வயரை வெளியிலிருந்து கவ்வியே கரண்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர்தான். எதையும் கழற்ற வேண்டாம். பிளக்குக்குப் போகும் பெரிய வயரைக் கவ்வி, சாவியைத் திருப்ப வேண்டியதுதான். 12 வோல்ட் உலோகப் பிளக் தொடக்கத்தில் ஆளுக்கு 15 முதல் 25 ஆம்பியர் வரை இழுத்து, உள்ளிருக்கும் இரண்டாவது சுருள் சூடேறித் தடை கூடியதும் 10 ஆம்பியர் பக்கம் இறங்கும். நான்கு பேர் இழுக்க வேண்டிய இடத்தில் முக்கால் பங்குதான் ஓடினால் ஒருவர் வேலைக்கு வரவில்லை. ஒன்றுமே ஓடாவிட்டால் நான்கும் ஒரே நாளில் செத்ததாக நினைக்காமல் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. எஞ்சின் சூடாக இருந்தால் பல வண்டிகளில் ஹீட்டருக்குக் கரண்டே விடமாட்டார்கள். மதியம் ஓட்டி வந்த வண்டியில் அளந்து, பூஜ்யம் காட்டுகிறதே என்று நல்ல ரிலேயைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் சோதிக்க வேண்டும்.

புது வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. 12 வோல்ட்டுக்கும் வெகு கீழே, நான்கு, ஐந்து, ஏழு வோல்ட்டில் வேலை செய்யும் பிளக்குகள் இப்போது நிறைய இருக்கின்றன. மாட்யூல் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும். அதைக் கழற்றி நேராகப் பாட்டரியில் வைத்து "சிவக்குதா பார்ப்போம்" என்றால் நல்ல பிளக்கும் அங்கேயே போய்விடும். உடம்பில் என்ன வோல்ட் அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அங்கே காட்டும் வோல்ட்டும் சராசரிதான். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சினைச் சூடாக்கி, மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, பொறுமையாக. இறுகினால் பலம் காட்டாதீர்கள், கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மெல்லிய பிளக் ஹெட்டுக்குள் முறிந்தால் அப்புறம் வேலையே வேறு. முனை உருகி இருந்தால் புதுப் பிளக் போட்டு மூடிவிடாதீர்கள். இன்ஜெக்டர் சொட்டுகிறதா, ரிலே ஒட்டிக்கொண்டு ஓயாமல் கரண்ட் விடுகிறதா என்று பார்க்காவிட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

அப்புறம், கிளம்பவில்லை என்று இன்டேக்கில் ஈதர் ஸ்பிரே அடிக்கிற பழக்கம். சிவந்து நிற்கும் ஹீட்டர் பிளக்கின் மேல் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங்கோ பிஸ்டனோ உடையலாம். ஹீட்டர் பிளக் இருக்கும் எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நான் கழற்றிப் போட்ட அந்தப் பழைய நான்கும் 12 வோல்ட் பிளக்தான். போன வாரம் வைஸில் கவ்வி ஒவ்வொன்றாகப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தேன். நல்ல பிளக் என்றால் முனையிலிருந்து சிவக்க வேண்டும், நடுவிலிருந்து அல்ல. நான்கும் முனையிலிருந்தே சிவந்தன, ஒன்று மட்டும் கொஞ்சம் சோம்பலாக.