எதை வெட்ட?

இளைஞர்: ஆசாரியண்ணே, மடக்காத கத்தி ஒன்று வேண்டும். சின்னதாக, தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள.

ஆசாரி: எதை வெட்ட?

இளைஞர்: தினசரிப் பயன்பாட்டுக்கு.

ஆசாரி: அதுதான் தம்பி, தினசரி எதை வெட்டுவீர்கள்? இளநீரா? அதற்கு அரிவாள் வேண்டும். திருப்பாச்சேத்திக்குப் போங்கள்.

இளைஞர்: ஐயோ, அலகு 3 அங்குலம் போதும். ஆனால் அந்த இரும்பு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும். இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருக்க வேண்டும். மடக்குக் கத்தியென்றால் ஆணி தளரும், இடுக்கில் அழுக்கு சேரும்.

ஆசாரி: சரியாகச் சொல்கிறீர்களே! எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

இளைஞர்: ஆறு மாதமாக வீடியோ பார்க்கிறேன்.

ஆசாரி: ஆறு மாதத்தில் எதை வெட்டினீர்கள்?

இளைஞர்: கத்திதான் இன்னும் வாங்கவில்லையே.

(ஆசாரி ஒரு கத்தியை எடுத்து நீட்டுகிறார். இளைஞர் வாங்கியதும் இடது கையின் ரோமத்தை வழித்துப் பார்க்கிறார். கத்திப் பிரியர்களின் இடது கை மட்டும் எப்போதும் வழுவழுவென்றே இருக்கும்.)

ஆசாரி: சவரத்துக்கா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

இளைஞர்: கூர் பார்த்தேன். இது என்ன எஃகு?

ஆசாரி: லாரிப் பட்டை, லாரிக்கு அடியில் சுமை தாங்குமே, அந்த வில் பட்டை. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். ஆனால் எவர்சில்வர் மாதிரி இல்லை. எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும். எலுமிச்சை நறுக்குவீர்களா?

இளைஞர்: மாட்டேன்.

ஆசாரி: மாங்காய்?

இளைஞர்: மாட்டேன்.

ஆசாரி: அப்படியானால் கறுக்காது. நூறு வருடம் வரும்.

இளைஞர்: போலீஸ் பிடித்தால்?

ஆசாரி: 2016ஆம் வருட ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் உரிமப் பேச்சு. வீட்டுக் கத்திக்கும் விவசாயக் கருவிக்கும் அதுவும் கிடையாது. ஆனால் போலீஸ்காரர் ‘எதற்கு வைத்திருக்கிறாய்?’ என்று கேட்பார். நீங்கள் வந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இளைஞர்: உறை இறுக்கமாக இருக்குமா? தலைகீழாக உதறினாலும் விழக்கூடாது. அடுத்த வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.

ஆசாரி: கல்யாணத்துக்கு வேட்டிதானே கட்டுவீர்கள்? பாக்கெட்டுக்கு எங்கே போவீர்கள்?

இளைஞர்: மடியில் செருகிக்கொள்வேன்.

ஆசாரி: பந்தியில் சம்மணம் போடும்போது பார்த்து உட்காருங்கள். கடைசியாகக் கேட்கிறேன், எதை வெட்ட?

இளைஞர்: பார்சல் வரும் அண்ணே. அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டாமா?

ஆசாரி: பெட்டியில் என்ன வரும்?

இளைஞர்: கத்தி தீட்டும் கல்.

ஆசாரி: தம்பி, அந்த மூலையில் சாக்கில் சுற்றியிருக்கிறதே, அது உங்கள் வீட்டு அரிவாள்மனை. சாணை பிடிக்கச் சொல்லி உங்கள் அம்மா தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிட்டுப் போனார். ‘மகன் வந்து எடுத்துக்கொள்வான்’ என்றார். இப்போது பங்குனி. மொட்டைக் கத்தியில் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டிருப்பார். ஆறு மாதமாகக் கூர் பற்றி வீடியோ பார்க்கிறவர், ஒரு நாளாவது அடுப்படியை எட்டிப் பார்த்தீர்களா?

இளைஞர்: (சாக்கை விலக்கிப் பார்த்து) இது... என்ன எஃகு அண்ணே?

ஆசாரி: அதே லாரிப் பட்டைதான். மடங்காது, ஆடாது, எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது, பாக்கெட்டில்தான் போகாது. சாணைக் கூலி நூறு ரூபாய்.