'நாட் ஃபவுண்ட்' வந்தால் ஃபைலைத் தேடாதீர்கள்

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ஓடும் ரவுட்டருக்கு நாமே புரோகிராம் எழுதி ஏற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையைத் தமிழில் படிக்க அவ்வளவு சந்தோஷம். ஆனால், அதில் "சிபியுவுக்கு ஏற்ற கம்பைலர் இருந்தால் போதும்" என்ற வரியைத் திருத்திவிடுங்கள். போதாது.

நான் இதில் இரண்டு நாள் தொலைத்தேன். டெஸ்க்டாப் லினக்ஸில் கிடைத்த மிப்ஸ் (என் ரவுட்டரின் சிபியு வகை) கம்பைலரில் ஒரு சின்ன சி புரோகிராமைக் கம்பைல் செய்து, ரவுட்டரின் டிஎம்பி ஃபோல்டரில் போட்டு ஓட்டினேன். 'நாட் ஃபவுண்ட்' என்றது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கொடுத்தால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! பெர்மிஷனும் சரி. இல்லாதது ஃபைல் அல்ல, அதை மெமரியில் ஏற்றுகிற லோடர். அந்தக் கம்பைலர், டெஸ்க்டாப் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியையும் அதன் லோடரையும் எதிர்பார்த்துக் கட்டியிருந்தது. ரவுட்டரில் இருப்பதோ மஸ்ல் என்ற வேறொரு சி லைப்ரரி. ரவுட்டரில் ஓடும் அதே வெளியீட்டுக்கும் அதே டார்கெட்டுக்கும் (சிப் வகைக்கும்) உரிய எஸ்டிகேயை, அதாவது ஓப்பன்டபிள்யூஆர்டி தரும் கம்பைலர் தொகுப்பை, இறக்கிக் கட்டினேன், முதல் தடவையே ஓடியது.

அப்புறம், இடப் பிரச்சினை. 8 எம்பி ஃபிளாஷ் உள்ள ரவுட்டரில் இடம் வேண்டுமென்று ஃபர்ம்வேரோடு வந்த பேக்கேஜை நீக்காதீர்கள். அது இருப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய ஃபைல் சிஸ்டத்தில், அதைப் படிக்க மட்டும்தான் முடியும். நீக்கினாலும் இடம் திரும்பாது, நீக்கியதைக் குறித்துவைக்கவே இன்னும் கொஞ்சம் இடம் போகும். ஃபர்ம்வேர் இமேஜை நாமே கட்ட உதவும் இமேஜ் பில்டரில் வேண்டாததைக் கழித்து, நம் பேக்கேஜைச் சேர்த்து ஒரே இமேஜாகக் கட்டினால் எல்லாமே சுருங்கி உட்கார்ந்துவிடும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி 25.12 வெளியீட்டிலிருந்து, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஓபிகேஜி போய் ஏபிகே வந்துவிட்டது. கட்டுரையில் இருக்கும் இன்ஸ்டால் கட்டளைகளையும் மாற்றிவிட்டால் புதிதாக வருபவர்கள் தடுமாற மாட்டார்கள்.